மல்லாட்டையும் பூண்டும்: ஒரு சட்னியின் வரலாறு

முன்னுரை

மேல்மலையனூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அங்காளபரமேசுவரி அம்மன் கோயில்தான். மாசி மாதம் மயானக் கொள்ளை, அமாவாசை தோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் என்று பேருந்து பேருந்தாகக் கூட்டம் வரும். செஞ்சி வழியாக வந்தாலும் சரி, அவலூர்ப்பேட்டை வழியாக வந்தாலும் சரி, பருவ காலத்தில் அந்தப் பேருந்துகளின் ஜன்னலில் தெரியும் பயிர் ஒன்று உண்டு. அது மல்லாட்டை.

மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சிலர் நிலக்கடலை என்பார்கள், சிலர் கடலைக்காய் என்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் அது மல்லாட்டைதான்.

இந்த ஊர்ப்பக்கம் மல்லாட்டையை வறுத்து, பூண்டைச் சுட்டு, காய்ந்த மிளகாய் சேர்த்து வெண்ணெய் போல அரைக்கும் சட்னி ஒன்று உண்டு. இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம், கேழ்வரகுக் களிக்கும் தொட்டுக்கொள்ளலாம். கேட்டால் "பாட்டி காலத்துச் சட்னி" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டிக்குப் பாட்டி, அவருக்கும் பாட்டி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், ஓர் இடத்தில் இந்தச் சட்னி காணாமல் போய்விடும். அங்கே மல்லாட்டையே இருக்காது! அது எப்போது வந்தது, யாருக்காக விளைந்தது, எப்படி அம்மிக்கு வந்து சேர்ந்தது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பெயரிலேயே இருக்கிறது பயணம்

மல்லாட்டை என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பாதி வரலாறு தெரிந்துவிடும். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆனது. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம்.

வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் 7,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட வேர்க்கடலைத் தோல்கள் கிடைத்துள்ளன. அதே நாட்டில் சிபான் என்ற இடத்தில் 1987-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் அரசனின் கல்லறையில், வேர்க்கடலை வடிவில் தங்கத்திலும் வெள்ளியிலும் மணிகள் செய்து கோத்த கழுத்தணி இருந்தது. அந்த மக்கள் கடலையை எவ்வளவு உயர்வாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்பெயின்காரர்கள் அமெரிக்காவைப் பிடித்த பிறகு கடலை கப்பல் ஏறியது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அமெரிக்கப் பயிர்கள் பல ஆசியாவுக்கு வந்த வழிகளில் இது முக்கியமானது. தமிழ்ப் பெயர் இந்த வழியைத்தான் காட்டுகிறது.

மற்ற மொழிகளும் இப்படியே. மலையாளத்தில் அது கப்பலண்டி, அதாவது கப்பலில் வந்த கொட்டை. வங்காளத்தில் சீனா பாதாம். சிங்களத்தில் ரட்டகஜு, அதாவது வெளிநாட்டு முந்திரி. யாரிடமிருந்து வந்தது என்று நினைத்தார்களோ அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வேர்க்கடலை, நிலக்கடலை என்ற பெயர்களோ வேறு வகை. ஏற்கெனவே தெரிந்த கொண்டைக்கடலையோடு ஒப்பிட்டு, "மண்ணுக்குள் காய்க்கும் கடலை" என்று புரிந்துகொண்ட பெயர்கள் அவை.

பூ மேலே, காய் கீழே

மண்ணுக்குள் காய்ப்பதால் பலர் இதை வேர் என்றோ கிழங்கு என்றோ நினைக்கிறார்கள். அது தவறு. மல்லாட்டையின் மஞ்சள் பூ தரைக்கு மேலேதான் பூக்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு காம்பு வளர்ந்து, கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது.

ஆகவே ஊசி இறங்குவதற்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர்ப் பகுதியின் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இதற்குப் பொருத்தமானவை. ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த இடத்தில், ஆடிப்பட்டத்து மழையை நம்பி மல்லாட்டையும் விதைக்கலாம். பயறு வகையைச் சேர்ந்ததால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் கொஞ்சம் உரம் சேர்க்கும்.

மார்செய் நகரத்துச் சோப்பு

மண் பொருந்திவிட்டது, மழை போதும். ஆனாலும் ஒரு பயிர் பல லட்சம் ஏக்கரில் பரவ இது மட்டும் போதாது. யாராவது வாங்க வேண்டும். வாங்கியவர்கள் பிரான்சில் இருந்தார்கள்!

பிரான்சின் தெற்கே மார்செய் என்ற துறைமுக நகரம் சோப்புக்குப் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஆலிவ் எண்ணெய் மட்டும் போதாமல் அங்குள்ள ஆலைகள் மலிவான எண்ணெய் வித்துகளைத் தேடின. முதலில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து கடலை போனது. நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியிலிருந்தும் போகத் தொடங்கியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் வழி சுருங்கியது. 1879-ல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை வந்தது.

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. இந்தப் பக்கத்து மல்லாட்டையும் அதே திசையில்தான் போனது. வண்டியிலும் ரயிலிலும் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தின் முக்கியமான மல்லாட்டை மாவட்டமாக ஆனது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பும் கேழ்வரகும் வீட்டுக்காக விளைந்தவை. மல்லாட்டையோ விற்பதற்காக விளைந்தது. நிலவரி கட்டவும், கடனை அடைக்கவும், துணி வாங்கவும் காசு தந்த பயிர் அது. பல விவசாயிகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் விதைத்தார்கள். அதனால் அறுவடைக்கு முன்பே விளைச்சல் வியாபாரியுடையதாகிவிடும். விலையையும் அவர்தான் சொல்வார்.

ஈரம் செய்த கேடு

கப்பலில் இடம் மிச்சப்படுத்த தோலை உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். இயந்திரம் பரவாத காலத்தில் கையால் உடைப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் பெண்கள் செய்த கூலி வேலை அது. தோல் சுலபமாக உடைய வேண்டும் என்பதற்காகக் காயின்மேல் தண்ணீர் தெளித்து ஊறவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், பருப்பின் எடையும் சற்றுக் கூடும்.

ஆனால் அந்த ஈரப் பருப்பு வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்தால் என்ன ஆகும்? பூசணம் பிடித்தது, காறல் வாடை அடித்தது. அதனால் இங்கிருந்து போன கடலைக்கு உணவு எண்ணெய்ச் சந்தையில் மதிப்புக் குறைந்து, பெரும்பகுதி சோப்புக்கே போனது.

இது வெறும் வாடைப் பிரச்சினை இல்லை என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூசணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது தெரிந்தது. அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். ஈரமாகச் சேமித்த கடலையில் இது வளரும். கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கிய பருப்பையும் கறுத்த பருப்பையும் முறத்தில் பொறுக்கி எறியும் பழக்கம் எவ்வளவு சரியானது என்று பாருங்கள்.

நோயும் புது விதையும் திண்டிவனமும்

1890-களில் தென்னார்க்காட்டு மல்லாட்டைக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. பழைய விதையின் வீரியம் குறைந்தது. நோயும் தாக்கியது. ஏற்றுமதி படுத்துவிட்டது. மொரீஷியஸ் முதலிய இடங்களிலிருந்து புது விதை கொண்டுவந்து விதைத்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பயிர் மீண்டது.

அந்தப் பாடத்தின் விளைவாக விதை ஆராய்ச்சி வளர்ந்தது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செய்த ரகங்கள் 1940 முதல் வெளிவந்தன. அவற்றுக்கு டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2 என்று பெயர். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். திண்டிவனம் ரயில் நிலையத்தின் குறியீடும் இதே மூன்று எழுத்துகள்தான்.

இவற்றில் டி.எம்.வி. 2 என்பது குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். பழைய கொடிக் கடலை தரையில் படர்ந்து, நான்கரை மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கொத்துக் கடலை நிமிர்ந்து வளரும், சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மழை குறைந்த நிலத்துக்கு இது பெரிய வரம். தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரா, கர்நாடக மானாவாரி நிலங்களிலும் பல பத்தாண்டுகள் இந்த ரகம் கோலோச்சியது. ஒரு சின்ன ஊரின் பெயர் மூன்று எழுத்தாகச் சுருங்கி இத்தனை லட்சம் ஏக்கரில் விதைக்கப்பட்டது என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது.

விலை விழுந்தபோது

வெளிநாட்டுச் சந்தையை நம்பிய பயிருக்கு வெளிநாட்டில் தும்மினாலும் இங்கே சளி பிடிக்கும். 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் கடலை விலை பெரிதும் சரிந்தது. வரியும் கடனும் மட்டும் அப்படியே இருந்தன. 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. எடையிலும் தரகிலும் விவசாயி ஏமாறக்கூடாது என்பது அதன் நோக்கம். இன்றைக்கு ஊர்ப்பக்கம் "கமிட்டி" என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் தொடக்கம் இதுதான்.

1940-ல் ஜெர்மனியிடம் பிரான்சு வீழ்ந்ததும் மார்செய் வியாபாரம் நின்றது. அதற்குள் உள்நாட்டிலேயே புதிய கிராக்கி வளர்ந்திருந்தது. செக்கு எண்ணெய், ஆலை எண்ணெய் இரண்டுக்கும் கடலை தேவைப்பட்டது. 1937-ல் வந்த டால்டா போன்ற வனஸ்பதிகளுக்கும் பல ஆண்டுகள் கடலை எண்ணெய்தான் முக்கிய மூலப்பொருள். பின்னர் 1990-களில் பாமாயில் இறக்குமதி பெருகியதும் கடலை எண்ணெயின் செல்வாக்குக் குறைந்தது. ஒரு காலத்தில் மலிவு எண்ணெயாக இருந்தது இப்போது "மரச்செக்கு எண்ணெய்" என்ற பெயரில் விலை உயர்ந்த பொருளாகிவிட்டது.

அம்மிக்கு எப்படி வந்தது?

சோப்புக்கும் எண்ணெய்க்கும் போன பயிர் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது? இதற்கு விடை வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இல்லை. களத்துமேட்டில் இருக்கிறது.

முதல் வழி, கூலி. செடி பிடுங்கி காய் ஆய்கிறவர்களுக்குப் பல இடங்களில் காசுக்குப் பதில் காயாகவே கூலி அளப்பது வழக்கம். இரண்டாவது வழி, பொறுக்கல். செடியைப் பிடுங்கும்போது அறுந்து மண்ணில் தங்கிவிட்ட காய்களை, அறுவடை முடிந்த கொல்லையில் பெண்களும் பிள்ளைகளும் கிளறிப் பொறுக்குவார்கள். கொடிக் கடலையில் இப்படித் தங்கும் காய் அதிகம். மூன்றாவது வழி, விதை. அடுத்த பட்டத்துக்கு வைத்த விதைக்காயில் மிஞ்சியது அடுக்களைக்கு வரும்.

இப்படிக் கிடைத்தது மூட்டை மூட்டையாக இல்லை, மடி மடியாகத்தான். ஆனால் அது கொண்டுவந்த சத்து பெரியது. மல்லாட்டையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், நாலில் ஒரு பங்கு புரதம். களியும் கூழும் மட்டும் குடித்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை பெரிய துணை.

இன்னொரு காரணமும் உண்டு. தென்னைக்குத் தண்ணீர் வேண்டும். மானாவாரி ஊரில் தேங்காய் காசு கொடுத்து வாங்கும் பொருள், மல்லாட்டையோ பானையில் இருக்கும் பொருள். ஆற்றுப் பாசன ஊர்களில் தேங்காய் செய்த வேலையை இங்கே மல்லாட்டை செய்தது. கொழகொழப்பும் வெண்மையும் அதிலிருந்தே கிடைத்தன.

கூட இருப்பவர்களும் வந்தவர்களே

சட்னியின் மற்ற பொருள்களையும் பார்த்தால் வியப்பாக இருக்கும். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகு. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய். புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். மிகப் பழங்காலத்திலேயே இங்கே வந்துவிட்டதால், அரபியர் அதற்கு "இந்தியப் பேரீச்சை" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

இருப்பதிலேயே பழைய கூட்டாளி பூண்டு. மத்திய ஆசியாவில் தோன்றி, இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக இடம் பெற்றது. 1890-ல் மத்திய ஆசியாவின் குச்சா பகுதியில் கிடைத்த, சுமார் 1,500 ஆண்டுப் பழமையான பவர் சுவடியின் முதல் பகுதி பூண்டின் பெருமையைத்தான் பேசுகிறது. ஆனாலும் மணத்தின் காரணமாகப் பல கோயில் மடைப்பள்ளிகளிலும் ஆசாரமான வீடுகளிலும் பூண்டுக்கு இடமில்லை. ஆக, கடல் கடந்து வந்த மல்லாட்டையும் ஒதுக்கி வைத்த பூண்டும் சேர்ந்ததுதான் இந்தச் சட்னி.

கொட்டையும் பூண்டும் சேர்த்து அரைப்பது உலகின் பல இடங்களில் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் பாதாமும் சுட்ட பூண்டும் அரைத்து ரொமெஸ்கோ செய்கிறார்கள். ஜார்ஜியாவில் வாதுமைக் கொட்டையும் பூண்டும். இந்தோனேசியாவில் சாத்தே வகைகள் பலவற்றுக்கும் வேர்க்கடலைக் குழம்புதான் துணை. மேற்கு ஆப்பிரிக்காவில் மாஃபே.

வீட்டில் செய்வது எப்படி?

நான்கு பேருக்கு: மல்லாட்டைப் பருப்பு 100 கிராம், பூண்டு 10 அல்லது 12 பல், காய்ந்த மிளகாய் 4, நெல்லிக்காய் அளவில் பாதி புளி, தேவையான உப்பு, தாளிக்கக் கடலை எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை.

முதலில் பருப்பைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, சிறு தீயில் வறுக்க வேண்டும். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், சட்னி கசக்கும். தோல் வெடித்து வாசனை வந்ததும் இறக்கி, ஆறியபின் தேய்த்துப் புடைத்தால் தோல் போய்விடும்.

பூண்டை உரிக்காமல் தணலில் சுடலாம். அடுப்பு இல்லாதவர்கள் கொஞ்சம் எண்ணெய் விட்டு வாணலியில் மூடி வைத்துச் சுடலாம். உள்ளே குழைந்து, அமுக்கினால் பிதுங்கி வர வேண்டும். பச்சைப் பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள நொதி வேலை செய்துதான் அந்தக் காட்டம் உண்டாகிறது. முதலில் சுட்டுவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பிறகு அரைத்தால் காட்டம் இல்லாமல் இனிப்பு தெரியும். அரைத்த பிறகு வதக்கினால் இந்த ருசி வராது.

மிளகாயையும் வறுத்துக்கொண்டு, முதலில் பருப்பைத் தண்ணீர் இல்லாமல் அரைக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து விழுதாகும். பின்னர் பூண்டு, மிளகாய், ஊறிய புளி, உப்பு சேர்த்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்தால் எண்ணெயும் நீரும் கலந்து வெண்ணெய் போல வரும். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் திரிதிரியாக நிற்கும். கடைசியில் தாளித்துக் கொட்டலாம். தண்ணீர் குறைத்தால் துவையல், கூட்டினால் சட்னி.

அம்மியில் இந்த விழுது எடுக்கக் கை வலிக்கும். அதனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கொரகொரப்பான துவையல்தான். மிக்ஸி நடுத்தர வீடுகளுக்கு முதலில் வந்தது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு கூலி வேலை செய்யும் வீடுகளுக்கும் வந்தது. வெண்ணெய் போன்ற இந்தப் பதம் எல்லோருக்கும் கிடைத்தது அதற்கப்புறம்தான்.

முடிவுரை

"பாரம்பரியம்" என்றால் ஆயிரம் ஆண்டு இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டல் மேடையில் தேங்காய்ச் சட்னிக்கு இருக்கும் மரியாதை மல்லாட்டைச் சட்னிக்கு இல்லை. வெளியூர் போகும் பிள்ளைகள் மல்லாட்டை என்று சொன்னால் கிண்டல் வேறு. அதனால் அவர்களும் வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்தச் சட்னி யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. விற்பதற்காக விளைந்த பயிரில், கூலியாக அளந்ததையும் மண்ணில் பொறுக்கியதையும் வைத்து, சொந்த மண்ணில் தேங்காய் விளையாத பெண்கள் உருவாக்கிய ருசி இது. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விலைக்குப் போனதெல்லாம் கப்பல் கணக்கில் எழுதப்பட்டது. வீட்டில் தங்கியது மட்டும் நாக்கில் எழுதப்பட்டது. மல்லாட்டை என்ற சொல்லுக்குள் ஒரு கடல் பயணமே இருக்கிறது. அதை வெட்கப்படாமல் சொல்லலாம்.